வெளியே புதைக்கப்பட்டவனின் முகம்

"உங்க அம்மா மடியில ஒரு சாக்கு மூட்டைய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காருவாங்களா, நோனா?"

பாயு பிரதர் இப்படிக் கேட்டபோது நான் குருமடத்துச் சமையற்கட்டில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தேன். சாமியாராகப் படிக்கும் அறுபது பிரதர்களுக்கு மீன். முழங்கை வரை செதில். எனக்குப் பதில் வரவில்லை. யார் என்ன கேட்டாலும் எனக்குப் பதில் மறுநாள்தான் வரும், அதுவும் நோட்டில்தான் வரும்.

தலைமைச் சமையல்காரி ஃபீனா அக்கா எனக்குப் பதிலாகப் பேசினாள்.

"மூட்டையா? எமி தினமும் மீன் கூடையத் தலையில சுமக்கிறா. மடியில வைக்கிறது அவளுக்கு லீவு மாதிரி. ஆனா மூட்டை எதுக்குப் பிரதர்? ஆள்தான் வேணும்னா என் வீட்டுக்காரரை அனுப்புறேன். அஞ்சு மணிக்கு மேல அவரும் மூட்டைதான். தூக்கி எங்க வச்சாலும் அங்கயே இருப்பாரு."

பிரதருக்குக் காது சிவந்துவிட்டது. அவர் ஜாவாக்காரர். எங்கள் புளோரஸ் தீவுக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் ஃபீனா அக்காவின் வாய்க்கு அவர் பழகவில்லை. நவம்பரில் அவருக்குத் தியாக்கோன் பட்டம், குருவாவதற்கு முந்தைய படி. அதற்கு முன்னால், செப்டம்பர் பதினைந்து, வியாகுல மாதா திருநாளுக்குள், பலிபீடத்துக்குப் பின்சுவரில் படம் ஒன்று வரைந்து முடிக்கும்படி கிளெமென்ஸ் சாமி சொல்லியிருந்தார். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாதா. குருமடத்துக் கோயில்தான் எங்கள் ஊருக்கும் கோயில். அதனால் ஊரே பார்க்கப்போகிற படம்.

"உங்க அம்மா முகத்தைப் பூசையில பார்த்தேன்," என்றார் பிரதர். "அந்த மாதிரி முகத்தை நான் படத்துலகூடப் பார்த்ததில்ல. அவங்க எதையோ பார்த்துட்டாங்க."

நான் தலையைக் குனிந்து மீனைத் திருப்பிப் போட்டேன். அம்மா எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். எதைப் பார்க்கவிடவில்லை என்றும் தெரியும். அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

*

சனிக்கிழமை மதியம் குருமடத்துச் சாப்பாட்டு அறையில் கிளெமென்ஸ் சாமியின் வகுப்பு நடக்கும். ரோமில் பதினோரு வருடம் இருந்தவர். புத்தகத்தை வைத்து இறையியல் நடத்தினால் பிரதர்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று ஓவியர்களையும் சிற்பிகளையும் பற்றிய சினிமாக்களைப் போட்டுக் காட்டுவார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, சுவரில் வெள்ளை வேட்டி. நடுவில் நிறுத்திப் பேசுவார், திட்டுவார், திரும்பப் போடுவார். சமையற்கட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே பாத்திரம் தள்ளும் ஒரு சின்னத் திறப்பு உண்டு. நான் அதன் பின்னால் தேநீர்க் கோப்பைகளை வரிசைப்படுத்துகிற மாதிரி நின்றுகொண்டு எல்லாப் படத்தையும் பார்த்தேன். கீழே எழுத்து ஓடும். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டாலும் எழுத்து என்னை விடவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு நோட்டு வைத்திருந்தேன்.

மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை போட்டது குளிர்தேசத்துப் படம். ஒரு தீவில் மரச்சிற்பி ஒருவன். கோயிலுக்கு இயேசுவைச் செதுக்கித் தர ஒப்புக்கொள்கிறான். எந்த முகமும் மனசுக்குப் பிடிக்காமல் மாதக்கணக்கில் மரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். அப்போது ஆடு திருடியதற்காக ஒருவனை ஊர் தூக்கில் போடுகிறது. சிற்பி போய் அந்த முகத்தைப் பார்க்கிறான். வீட்டுக்கு வந்து உளியை எடுக்கிறான். கோயிலில் சுரூபத்தை நிறுத்தியதும் ஊருக்கு ஆள் தெரிந்துவிடுகிறது. அத்தனை பேரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் எறிகிறார்கள். மரம் ஆயிற்றே, மூழ்கவில்லை. முகம் மேலே பார்த்தபடி மிதக்கிறது.

சாமி அங்கே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதிருந்தார்.

"'வார்த்தை மாம்சமானார்'னு தினம் மூணு வேளை மணியடிச்சுச் சொல்றோம். மாம்சம்னா என்ன? கறிக்கடையில தொங்குற பொதுவான மாம்சமா? யாரோ ஒருத்தரோட மாம்சம். அதுக்கு ஒரு மூக்கு உண்டு, ஒரு தழும்பு உண்டு, அம்மா பேர் உண்டு."

பின்வரிசையில் ஒரு பிரதர் கையைத் தூக்கினார். "அப்ப என் மூக்கை வச்சு வரைஞ்சாலும் ஆண்டவர்தானா சாமி?"

"உன் மூக்குக்கு இந்தச் சுவர் பத்தாதுடா."

சிரிப்பு அடங்கும்வரை சாமி காத்திருந்தார். பிறகு மெதுவான குரலில் சொன்னார்: "அவங்க கடல்ல எறிஞ்சது மரத்தை இல்ல. ஆண்டவர் பிறக்கவே இல்லன்னு சொல்லிட்டாங்க. ஒரு முகத்தை உள்ள விடமாட்டேன்னு சொல்றவன் பெத்லகேமுக்கே கதவைச் சாத்துறான்."

வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன். தேநீர் ஆறிப்போனதென்று ஃபீனா அக்கா என் மண்டையில் கரண்டிக்காம்பால் தட்டினாள்.

*

என் அண்ணன் பெயர் கனிசியஸ். கனிஸ் என்று கூப்பிடுவோம். எங்கள் ஊரில் மீசை முளைத்தவன் எல்லாம் மலேசியாவுக்குத்தான் போவான். கனிஸும் போனான். நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே பதினேழாவது மாடியில் சாரம் கட்டும்போது விழுந்துவிட்டான். ஆணி அடித்து மூடிய பெட்டியில் கப்பலில் வந்தான்.

விழுந்து செத்தவன், வெட்டுப்பட்டுச் செத்தவன், கடலில் போனவன் எல்லாம் எங்கள் பக்கத்தில் கெட்ட சாவு. அவனை ஊர் எல்லைக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அந்தச் சாவு வீடு வீடாக இன்னொருவனைத் தேடும். பெட்டியை உப்பளத்துப் பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே வைத்தார்கள். ஒரே இரவு. அம்மா பாதையின் இந்தப் பக்கம் நின்றாள். அந்தப் பக்கம் போக விடவில்லை. பெட்டியைத் தொட விடவில்லை. சத்தம் போட்டு அழவும் விடவில்லை, அழுகையைக் கேட்டு அவன் பின்னாலேயே வந்துவிடுவானாம். மறுநாள் வறண்ட ஆற்றுக்கு அப்பால் புதைத்தார்கள். ஊர்க் கல்லறையில் இல்லை. சிலுவைகூடச் சின்னது.

திரும்ப உள்ளே அழைத்துவர ஒரு சடங்கு உண்டு. அதற்கு அவன் விழுந்த இடத்து மண் வேண்டும். பனையிலிருந்து விழுந்தவனுக்குப் பனையடி மண் கிடைக்கும். கனிஸ் விழுந்த இடத்தில் இப்போது கடைகளும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன என்று கூட வேலைபார்த்தவன் சொன்னான். சிமெண்ட் போட்டுவிட்டார்கள். எங்கள் குலத்துக்குப் பெரியவர் கோபோங் பெரியப்பா, செத்துப்போன அப்பாவுக்கு அண்ணன். அவரிடம் அம்மா மூன்று முறை போனாள். மூன்று முறையும் அவர் சொன்னது ஒன்றுதான்: "மண்ணு கொண்டா எமி. நான் என்ன, வேணாம்னா சொல்றேன்?"

*

அம்மா மூட்டையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பிரதர் கூப்பிட்டாரா? மாதாவுக்கா? சரி," என்றாள். அவ்வளவுதான்.

கோயிலில் பலிபீடத்துக்குப் பின்னால் நீலத் திரை கட்டியிருந்தார்கள். அதற்குள் ஒரு முக்காலி. பிரதர் சோள மூட்டை ஒன்றை அம்மாவின் மடியில் குறுக்கே கிடத்தினார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"செத்துப்போன மகனைப் பிடிச்சிருக்கிற மாதிரி நினைச்சுக்குங்க அம்மா," என்றார்.

நான் சாயக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூட்டையின் தலைப்பக்கத்தைத் தன் இடது கைக்குள் இழுத்துக்கொண்டாள். பிள்ளை பெற்றவளுக்குத் தெரியுமே, பச்சைக் குழந்தையின் கழுத்து சாய்ந்துவிடாமல் பிடிப்பது, அப்படி. வலது உள்ளங்கையைச் சாக்கின்மேல் விரித்து வைத்தாள். ஒரு மணி நேரம் அசையவில்லை. முடிந்ததும் மூட்டையைக் கீழே வைக்க மனமில்லாமல் அவளே சுவர்வரை தூக்கிக்கொண்டுபோய்ச் சாய்த்துவைத்தாள், நிமிர்த்தி.

ஐந்தாம் நாள் அவள் இடுப்புத் துணியிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். கனிஸ் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, இடது புருவத்தில் வெட்டு.

"மகன் முகம் யாருது போடப்போறீங்க பிரதர்?"

"இன்னும் கிடைக்கல அம்மா. தேடிக்கிட்டிருக்கேன்."

"இத போடுங்க. எம் பையன உள்ள கொண்டாந்துடுங்க."

பிரதர் படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். மரச்சிற்பி தூக்குமரத்தடியில் நின்றபோது அவன் கண்ணில் இருந்தது இவர் கண்ணிலும் இருந்தது. அவருடைய சினிமா அவருக்குக் கிடைத்துவிட்டது.

"எப்படி இறந்தாரு?" என்று என்னைக் கேட்டார்.

"வேலை செய்யும்போது," என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் மிச்சத்தை நான் சொல்லவில்லை. 'உள்ளே' என்று அம்மா சொன்னது எந்த உள்ளே என்று ஜாவாக்காரருக்கு எப்படித் தெரியும்? சொன்னால் வரையமாட்டார் என்று பயந்தேன். அம்மாவுக்காக மட்டுமில்லை, எனக்கும் அவன் உள்ளே வரவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்.

*

திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைப் பூசைக்குக் கோயில் நிரம்பிவிட்டது. பாதிப்பேர் வெளியே வெயிலில் நின்றார்கள். பூசை தொடங்குமுன் கிளெமென்ஸ் சாமியே கயிற்றை இழுத்துத் திரையைத் திறந்தார்.

முதலில் எல்லோரும் "ஆ" என்றார்கள். அம்மா சுவரில் உட்கார்ந்திருந்தாள். நீல முக்காடு, மீன் கூடை சுமந்து சுமந்து தடித்த கழுத்து, வெடித்த பாதம். யாரோ, "நம்ம எமிடீ!" என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்பு ஓடியது. நல்ல சிரிப்பு.

பிறகு கண்கள் கீழே இறங்கின. மடியில் கனிஸ் கிடந்தான். கண் மூடி, வாய் லேசாகத் திறந்து. பல்லிடுக்கு தெரிந்தது. புருவத்து வெட்டு தெரிந்தது. சிரிப்பு நின்ற விதத்தை நான் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அரிசி கொதிக்கும் பானையில் யாரோ ஒரு குடம் பச்சைத்தண்ணீர் ஊற்றின மாதிரி என்று எழுதி, அடித்துவிட்டேன்.

கிளெமென்ஸ் சாமிக்கும் அப்போதுதான் தெரிந்தது. திரைக்குள் அவர் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. கலைஞனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பூசைப் பாத்திரத்தை உயரத் தூக்கியபோது அவர் கை ஆடியது. முழங்கை வரை ஆடியது. திராட்சை இரசம் விளிம்பில் வந்து நின்றது.

பலிபீடத்தின்முன் நன்மை அப்பம் கொடுக்கும் நேரம் வந்தது. முதல் ஆளாக எழும் கோபோங் பெரியப்பா எழவில்லை. அவர் எழாததால் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எழவில்லை. பிரதர்கள் போய் வாங்கினார்கள், பிறகு ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆள் எழுந்து போனாள். அம்மா. வெறுங்காலோடு நடுப்பாதையில் நடந்துபோய், நன்மை வாங்கி, அங்கேயே நின்று மகனை அண்ணாந்து பார்த்தாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் பல்லைப் பார்த்தேன்.

அதற்கு மறுநாளிலிருந்து அவளிடம் யாரும் மீன் வாங்கவில்லை. அவளுக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. விற்காத மீனோடு தினமும் பதினொரு மணிக்குக் கோயிலுக்கு வருவாள். கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு முன்பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். போகும்போது சமையற்கட்டு ஜன்னல் வழியாக என்னிடம், "உன் அண்ணன் நல்லாருக்கான்," என்பாள்.

ஃபீனா அக்காகூட ஒன்றும் கேலி செய்யவில்லை. மீனை வாங்கிக்கொண்டாள். ஆனால் உப்பளத்துப் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் வாங்கினாள்.

*

வியாழக்கிழமை கோபோங் பெரியப்பாவும் இன்னும் மூன்று பெரியவர்களும் வந்தார்கள். சாப்பாட்டு அறையில் சாமியும் பாயு பிரதரும் எதிரே உட்கார்ந்தார்கள். நான் காப்பியும் இடித்துத் தட்டையாக்கிய சோளமும் கொண்டுபோனேன். யாரும் தொடவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு சாமி," என்று பெரியப்பா ஆரம்பித்தார். "எமி அப்படியே இருக்கா. கையில கெடக்கிறவன்தான் பிரச்சினை."

"அது ஆண்டவர், கோபோங்."

"எனக்கு இன்னும் கண்ணு தெரியுது சாமி. அந்தப் புருவ வெட்டு எங்க வீட்டு முத்தத்துல விழுந்து வந்தது. ஆறு வயசு. நான்தான் பச்சிலை அரைச்சு வச்சேன். ரெண்டு நாள் என் மடியிலதான் கெடந்தான்." அவர் இருமிக்கொண்டார். "அவன் மேல எனக்கு என்ன பகை? ஆனா ஒரு படகு கவுந்தா என்னைத்தான் கேப்பாங்க. ஒரு பொம்பளைக்குப் பிள்ளை தங்கலன்னா என்னைத்தான் கேப்பாங்க. ரோமுக்கு யாரும் கடுதாசி போடமாட்டாங்க."

"அந்த நம்பிக்கை..." என்று பாயு பிரதர் வாயைத் திறந்தார்.

"நீங்க ஜாவா தம்பி," என்றார் பெரியப்பா, கோபமே இல்லாமல். "பட்டம் வாங்கிட்டு வேற ஊருக்குப் போயிருவீங்க. அவன் இங்க இருப்பான்."

அவர்கள் போனபிறகு அறையில் நாங்கள் மூன்று பேர்தான். ஆறிப்போன காப்பிக் கோப்பைகளை நான் தட்டில் அடுக்கினேன். சாமி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாயு, உடம்பு இருக்கட்டும். எமி இருக்கட்டும். முகத்தை மட்டும் மாத்திரு. எல்லாருக்கும் தெரிஞ்ச ஆண்டவர் முகமா."

"எல்லாருக்கும் தெரிஞ்ச முகம்னா யார் முகம் சாமி?"

"கேலண்டர்ல பார்த்ததே இல்லையா நீ?"

பிரதர் எழுந்துவிட்டார். "நீங்கதானே..." என்றார்.

"நவம்பர்ல உனக்குப் பட்டம்," என்றார் சாமி. மிரட்டலாகச் சொல்லவில்லை. சோர்வோடு, ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார். அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

நான் சமையற்கட்டுக்குள் போனேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டேன். நோட்டோடு திரும்பி வந்தேன்.

"சாமி, ஒண்ணு வாசிக்கவா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடமாக நான் அவரிடம் 'சரி சாமி' தவிர எதுவும் பேசியதில்லை. வாசித்தேன். மூக்கு, தழும்பு, அம்மா பேர். ஒரு முகத்தை உள்ள விடமாட்டேன்னு சொல்றவன் பெத்லகேமுக்கே கதவைச் சாத்துறான். என் குரல் கடைசி வரியில் கீச்சென்று போயிற்று.

"யார் சொன்னது இது?"

"நீங்க. மே மாசம், மூணாவது சனிக்கிழமை."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"ஞாயித்துக்கிழமை என் கையப் பார்த்தியா, நோனா?"

"பார்த்தேன் சாமி."

"ரோம்ல படிச்சது எதுவும் அந்தக் கையில இல்ல. நான் பக்கத்து ஊர்க்காரன். எங்க சின்ன மாமா பனையிலருந்து விழுந்து செத்தாரு. அவரைக் கிடத்தியிருந்த பக்கம் நாங்க மூணு மாசம் திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்கு அப்ப எட்டு வயசு. இப்ப அறுபத்திரண்டு. உன் அண்ணன் முகத்துக்குக் கீழ நின்னப்ப எனக்கு எட்டு வயசு."

"சினிமாவுல பார்த்தப்ப அழுதீங்களே சாமி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"அது வேற ஊர்ப் பொணம், நோனா."

*

அன்று மாலை பாயு பிரதர் சமையற்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா வரைஞ்சிருப்பீங்களா?"

யோசித்தார். "தெரியல," என்றார். அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான், பொய் வராது. "நாளைக்குக் காலையில முகத்தை மாத்த ஆரம்பிக்கணும். உங்க அம்மாகிட்ட யாராவது சொல்லணும்."

யாராவது என்றால் நான். தலையை ஆட்டினேன்.

வீட்டுக்குப் போனேன். அம்மா விளக்கடியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதையே நான் மறந்திருந்தேன். "இந்த வருஷம் உனக்கு ஒரு நல்ல சட்டை எடுக்கணும்," என்றாள். "உங்கண்ணன் பாக்குறான்ல."

நான் சொல்லவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவள் தூங்கியபின் நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன், மிக நன்றாக எழுதினேன். என் அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

*

வெள்ளிக்கிழமை பிரதர் ஏழு மணிக்கே ஏணி போட்டுவிட்டார். நான் சாயக் கிண்ணம் பிடித்தேன். புருவத்து வெட்டு முதலில் போயிற்று. பல்லிடுக்கு அடைபட்டது. மூக்கு நீண்டு கூரானது. கன்னத்துக் கறுப்பின்மேல் வெளிறிய ரோஸ் நிறம் ஏறியது. பத்து மணிக்குத் தாடி வந்தது. ஃபீனா அக்கா வீட்டுக் கேலண்டரில், எல்லோர் வீட்டுக் கேலண்டரிலும் இருக்கிற, இந்த மண்ணுக்கு ஒருநாளும் வராத ஒரு வெள்ளைக்கார வாலிபன் என் அம்மாவின் மடியில் படுத்திருந்தான். பிரதர் வேலைசெய்யும்போது ஒருமுறைகூடக் கண்ணைத் துடைக்கவில்லை. சாயம் மட்டும் அவர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் வழிந்தது.

பதினொரு மணிக்கு அம்மா வருவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாசலுக்குப் போய் அவளைத் தடுக்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூடை இறங்கும் சத்தம் கேட்டது. வெறுங்கால் சத்தம் நடுப்பாதையில் பாதிவரை வந்து நின்றது. பிறகு மெதுவாக முன்பெஞ்சுவரை வந்து, உட்கார்ந்தது.

பிரதர் ஏணியில் திரும்பினார். அவளைப் பார்த்ததும் கீழே இறங்கினார். தூரிகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். சாமி உடைமாற்றும் அறையிலிருந்து வந்தார். நிலைமையைப் புரிந்துகொண்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வது அவர் வேலை.

"எமி," என்றார், "பாரு. இப்ப உன் மடியில கெடக்கிறது ஆண்டவரே. எத்தனை தாய்க்குக் கெடைக்கும் இந்தப் பாக்கியம்?"

சுவரில் அம்மாவின் முகத்தை யாரும் தொடவில்லை. அது பழையபடி குனிந்து, அதே பரிவோடு, முன்பின் தெரியாத அந்த வாலிபனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளது இடது கை அவன் கழுத்தைத் தாங்கியிருந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை. பிறகு சாமியைப் பார்த்தாள், பிரதரைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த ரோஸ் நிறக் கிண்ணத்தையும் பார்த்தாள்.

எழுந்தாள். முழந்தாளிடவில்லை, சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுப்பாதையில் வந்தவழியே நடந்தாள். வாசலில் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். வெயிலில் இறங்கிப் போனாள்.